அடிபட்ட அன்றே எழுதி வாங்குங்கள்



வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். யூனிட்டில் கிளார்க்காக இருந்து சுபேதாராக வெளியே வந்தவன். சண்டை போட்டவன் என்று மார்தட்ட எனக்குத் தகுதி இல்லை. சண்டை போட்டவர்களின் காகிதம் எப்படி நகரும், எங்கே நின்றுபோகும் என்பது தெரியும். ஓய்வுக்குப் பிறகு மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள் கொண்டுவரும் பைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த மடலை எழுதத் தோன்றியது. டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ.வின் நகல், மெடல், குரூப் போட்டோ, கமாண்டிங் ஆபீசர் (சி.ஓ.) கொடுத்த பாராட்டுக் கடிதம் எல்லாம் பையில் இருக்கும். முழங்கால் உடைந்த அன்று யூனிட்டின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் எழுதிய சீட்டு மட்டும் இருக்காது.

டிஸபிலிட்டி பென்ஷன் கேட்பது ஓய்வு பெறும்போது செய்யும் வேலை என்று நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் அடிபட்ட அன்றே அந்த மனு தொடங்கிவிடுகிறது. பதினைந்து வருடம் கழித்து ரிலீஸ் மெடிக்கல் போர்டில் உட்காரும் டாக்டருக்கு உங்கள் முழங்காலைத் தெரியும். அது எங்கே, எந்த வேலையில், எந்தத் தேதியில் போனது என்று தெரியாது. காகிதம்தான் அவருக்கு அதைச் சொல்ல வேண்டும்.

விதி கேட்பது இரண்டே கேள்விகள். உடம்பில் எத்தனை சதவீதம் குறை? அந்தக் குறை படைப்பணியால் வந்ததா, அல்லது வேறெப்படியோ வந்து படைப்பணியால் மோசமானதா? முதல் கேள்விக்குக் குறைந்தது 20 சதவீதம் என்று பதில் வர வேண்டும். இரண்டாவதற்கு ‘வரவும் இல்லை, மோசமாகவும் இல்லை’ என்று போர்டு எழுதிவிட்டால் கதை முடிந்தது. நம் ஆட்கள் ‘நானா போட்டுட்டாங்க’ என்று சொல்லிக்கொண்டு வருவது அதைத்தான்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு இதை யாரும் கேட்பதில்லை. நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஊனம் குறையக் குறைய அதே விகிதத்தில் தொகையும் குறையும். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய், ஊனம் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,400 ரூபாய் வரும். ஆனால் 1996 ஜனவரி 1 முதல் ‘பிராட் பேண்டிங்’ என்ற சலுகை இருக்கிறது: 50க்குக் கீழே இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 ஆகவும், அதற்கு மேலே 100 ஆகவும் கணக்கிட வேண்டும். அப்போது அதே 2,400 ரூபாய் 6,000 ஆகிவிடும். அகவிலைப்படி தனி. இந்தச் சலுகை ஊனத்தால் பாதியில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று அரசு நெடுநாள் வாதாடியது. சர்வீஸை முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10 அன்று தீர்த்துவைத்தது. ஊனப் பென்ஷன் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் அண்ணன்மார்கள் தங்கள் பி.பி.ஓ.வில் 20, 30, 40 என்ற பழைய எண்ணே இன்னும் நிற்கிறதா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எதிரி நடவடிக்கையில் பட்ட காயமாக இருந்தால் போர்க்காய விகிதம். அது இதைவிட அதிகம்.

சரி, காகிதத்துக்கு வருவோம்.

பணியில் அடிபட்டால் காய அறிக்கை ஒன்று உண்டு, ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006 என்ற படிவம். எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது, காயம் எவ்வளவு கடுமை, ஆள் டியூட்டியில் இருந்தாரா இல்லையா என்று அதில் இருக்கும். சி.ஓ. கையெழுத்துப் போடுவார். பெரிய காயமாக இருந்தால் கோர்ட் ஆஃப் என்கொயரி நடக்கும். கூட இருந்தவர்கள் சாட்சி சொல்வார்கள். நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதுதான் இவை எல்லாம் நடக்கும். திரும்பி வந்ததும் கம்பெனி கிளார்க்கிடம் போய், ‘என் இன்ஜுரி ரிப்போர்ட் போயிற்றா, டியூட்டியில் என்று எழுதியிருக்கிறதா’ என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கிளார்க்காக இருந்தவன் சொல்கிறேன்: கேட்கிற ஆளின் காகிதம்தான் முதலில் நகரும்.

‘டியூட்டியில்’ என்பதன் எல்லை நாம் நினைப்பதைவிட அகலமானது. சாயங்காலம் கேம்ஸ் பரேடில் வாலிபால் ஆடி லிகமென்ட் அறுந்தவர்கள் எத்தனை பேர்! ‘விளையாடும்போது விழுந்தேன் சார், அது என் தப்புதானே’ என்று அவர்களே சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். யூனிட் ஏற்பாடு செய்த விளையாட்டு விதிப்படி பணிதான். ஆனால் அறிக்கையில் வெறுமனே ‘விளையாடும்போது’ என்று இருந்தால் போதாது; யூனிட் உத்தரவுப்படி நடந்த விளையாட்டு என்று இருக்க வேண்டும். ரயில் வாரண்டில் லீவுக்குப் போய்வரும் பயணமும் அப்படித்தான். டிக்கெட்டையும் லீவு சர்ட்டிபிகேட்டையும் எறியாதீர்கள். லீவில் ஊருக்கு வந்து சொந்த வேலையாக மோட்டார் சைக்கிளில் போய் விழுந்தது வேறு கணக்கு. அதற்குப் பணியோடு தொடர்பு காட்டுவது மிகக் கடினம். முடியும் என்று ஆசை காட்டுகிறவரை நம்பாதீர்கள்.

காயத்தைவிடச் சிக்கலானது நோய். ரத்த அழுத்தம், சர்க்கரை, முதுகு வலி, காது மந்தம், மனநோய் எல்லாம் ஒரு தேதியில் வந்து கதவைத் தட்டுவதில்லை. அதனால் நோய்க்கு எங்கே, எப்போது முதலில் தெரிந்தது என்ற ஒரு வரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எல்லை போன்ற கடினப் பகுதியான ஃபீல்டில் தெரிந்தால் பணிச் சுமையால் மோசமானது என்று எழுதப் போர்டுக்கு மனம் வரும். அமைதிப் பகுதியான பீஸ் ஸ்டேஷனில் தெரிந்தால் ‘வாழ்க்கைமுறை நோய்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இந்த இடத்தில் நம் ஆட்களின் பழக்கம் நமக்கே குழி தோண்டுகிறது. ஃபீல்டில் இருக்கும்போது தலை சுற்றினால் சொல்லமாட்டோம். மெடிக்கல் கேட்டகரி இறங்கிவிடும், பிரமோஷன் கேடர் போகும், ஐ.நா. மிஷனுக்குப் பெயர் வராது, எக்ஸ்டென்ஷன் கிடைக்காது என்ற பயம். அதில் நியாயமும் இருக்கிறது. லோ மெடிக்கல் கேட்டகரியில் இருக்கிறவனைப் பார்க்கும் பார்வையே வேறு. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு மலையில் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, பீஸுக்கு வந்த மூன்றாம் மாதம் சிக் ரிப்போர்ட் போகிறோம். ‘முதலில் தெரிந்த இடம்’ என்ற கட்டத்தில் கண்டோன்மென்ட் பெயர் ஏறுகிறது. மலையில் பட்ட பாடு முழுவதும் அந்த ஒரு கட்டத்தில் காணாமல் போகிறது. பிரமோஷனா, உடம்பா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் மறைப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு மறையுங்கள்.

பீரங்கிப் படைத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. காதில் ‘ங்ஙொய்’ என்று சத்தம் கேட்பதைச் சகஜம் என்று விடாதீர்கள். ஃபயரிங் ரேஞ்சிலிருந்து வந்த பிறகு காது மந்தமானால் ராணுவ மருத்துவமனையில் ஆடியோகிராம் எடுத்து அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெறும் வயதில் முதல்முறையாக எடுத்தால் அது வயதால் வந்த மந்தம் என்றுதான் படிக்கப்படும்.

இனி ரிலீஸ் மெடிக்கல் போர்டு. அதன் படிவம் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16. அதில் டாக்டர்கள் எழுதும் பகுதியைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நான் கவலைப்படச் சொல்வது முதல் பகுதியைப் பற்றி. அது உங்கள் வாக்குமூலம். எந்த இடத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தீர்கள், அது பீஸா ஃபீல்டா, என்ன நோய், எப்போது தொடங்கியது, எங்கே சிகிச்சை, சேர்வதற்கு முன்பே இருந்ததா, பணியில் எந்தச் சம்பவம் இதற்குக் காரணம் அல்லது இதை மோசமாக்கியது என்று நினைக்கிறீர்கள், இத்தனையும் உங்களிடம் கேட்கப்படுகிறது. உங்கள் கதையை நீங்களே சொல்ல அரசு கொடுத்த இடம் அது ஒன்றுதான். நடப்பது என்ன? படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். பக்கத்தில் உட்காரும் ஒருவர் வேகமாக நிரப்புவார். காரணம் கேட்கும் இடத்தில் ‘நில்’, அதாவது ஒன்றுமில்லை என்று எழுதுவார். ‘இங்கே போடு, இங்கே போடு’ என்று விரலை வைத்துக் காட்டுவார். நாம் போடுவோம். லீவு, வண்டி, சாமான் கட்டுவது என்று மனசு ஏற்கெனவே காட்பாடி ஜங்ஷனில் இறங்கிவிட்டிருக்கும்.

அந்த ‘நில்’லை வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் சில மாதம் கழித்து உங்கள் மனுவைத் தள்ளுபடி செய்வார். உங்கள் கையெழுத்தோடு.

எனவே போர்டுக்கு ஆறு மாதம் முன்பே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். சேர்ந்த நாள் முதல் யூனிட், இடம், தேதி, பீஸ் அல்லது ஃபீல்டு என்று வரிசையாக எழுதுங்கள். தேதி ஞாபகம் இல்லையென்றால் பழைய பே ஸ்லிப்பை எடுங்கள். உயர்மலை அலவன்ஸோ சியாச்சின் அலவன்ஸோ எந்த மாதம் ஏறியது, எந்த மாதம் நின்றது என்று அதில் இருக்கும். அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒவ்வொரு ஆஸ்பத்திரி அட்மிஷனுக்கும் டிஸ்சார்ஜ் ஸ்லிப், ஒவ்வொரு கேட்டகரி போர்டுக்கும் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-15 நகல் என்று அடுக்குங்கள். வாக்குமூலத்தைத் தமிழிலேயே முதலில் எழுதிப் பார்த்துவிட்டு, நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இதய நோய் உள்ளவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். நோய் தாக்குவதற்கு முந்தைய 14 நாட்கள் என்ன பணி பார்த்தீர்கள் என்று மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டி பார்க்கச் சொல்கிறது. அந்த இரண்டு வாரத்தின் டியூட்டி விவரத்தை யூனிட் சரியாக எழுதி அனுப்பியிருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர்கள், ஏன் வேண்டாம் என்றீர்கள் என்பதற்கும் காகிதம் வையுங்கள். சிகிச்சையை மறுத்தாரா என்றும் அதே படிவம் கேட்கும். காரணமில்லாத மறுப்பு சதவீதத்தைக் குறைக்கும்.

போர்டில் நொண்டிக்காட்டச் சொல்லித்தருகிறவர்களும் உண்டு. டாக்டர் தினமும் நாற்பது முழங்கால் பார்க்கிறவர். அவருக்கு எது நடிப்பு என்று தெரியும். ஒரு பொய் பிடிபட்டால் மீதி ஒன்பது உண்மையையும் நம்பமாட்டார். ஊனப் பென்ஷன் பற்றித் தணிக்கைத் துறைத் தலைவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கணக்கு வெளியிட்டார்: ஆண்டுதோறும் ஓய்வு பெறுகிற அதிகாரிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் பேரும், மற்ற ரேங்குகளில் ஏறக்குறைய 18 சதவீதம் பேரும் ஊனப் பென்ஷன் பெறுகிறார்கள். சலுகை துஷ்பிரயோகம் ஆகிறது என்று சிலர் இதைப் படித்தார்கள். அரசும் 2023இல் விதிகளை மாற்றியது. அந்த ஆண்டு செப்டம்பர் 21க்குப் பிறகு வெளியே வருகிறவர்களுக்குப் புதிய விதி, அதற்கு முன் வந்தவர்களுக்குப் பழையதே. அந்தக் கணக்கைப் பற்றிய என் வாசிப்பு வேறு. சுமை தூக்குகிற, பங்கர் தோண்டுகிற, டிரக்கின் பின்னால் குலுங்கிக்கொண்டு போகிற ஜவானின் உடம்பு அதிகாரியின் உடம்பைவிட நல்ல நிலையில் ஓய்வு பெறுகிறது என்பதை நான் நம்பமாட்டேன். அதிகாரிக்குப் படிவம் படிக்கத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏற்கெனவே ‘நானா’ வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டவர்களுக்கு இனி.

தர்மவீர் சிங் என்ற சிக்னல்ஸ் சிப்பாயின் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்கு ஒரு பிடிமானம். சேரும்போது மெடிக்கலில் எந்தக் குறையும் எழுதப்படவில்லை என்றால் ஆள் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் பணியால் வரவில்லை என்று நிரூபிக்கும் பாரம் அரசுடையது. போர்டு காரணம் எழுதாமல் வெறும் முடிவை மட்டும் எழுதினால் போதாது. தர்மவீர் சிங்குக்கு இருந்தது வலிப்பு நோய். சர்க்கரை நோய் பீஸ் ஸ்டேஷனில் தெரியவந்தது என்பதாலேயே பணிக்குச் சம்பந்தமில்லை என்று தள்ளிவிட முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றமும் 2025இல் கூறியிருக்கிறது. இந்தத் தீர்ப்புகளின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது: நலமாகவே சேர்ந்தார் என்ற இந்த அனுமானம் நோய்க்குத்தான் கைகொடுக்கும். காயத்துக்குப் பணியோடு உள்ள தொடர்பை நீங்கள்தான் காட்ட வேண்டும். அதற்குக் காய அறிக்கையை விட்டால் வழியில்லை.

அதனால் மேல்முறையீடு எழுதுவதற்கு முன் காகிதத்தைத் திரட்டுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர்களுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.க்குச் செகந்திராபாத் என்று அவரவர் ரெக்கார்ட் ஆபீஸ் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு மனுப் போடுங்கள். ‘என் மெடிக்கல் பேப்பர் எல்லாம் வேண்டும்’ என்று எழுதினால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். சேரும்போது எடுத்த மெடிக்கல், எல்லாக் கேட்டகரி போர்டுகள், ரிலீஸ் போர்டு, காய அறிக்கை, கோர்ட் ஆஃப் என்கொயரி நடவடிக்கை, மனுவைத் தள்ளுபடி செய்த உத்தரவு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அந்த அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம். அதற்கும் மசியாவிட்டால் மத்தியத் தகவல் ஆணையத்துக்கு 90 நாளுக்குள். சில ஆவணங்களைக் காலம் கடந்துவிட்டதால் கழித்துவிட்டோம் என்று பதில் வரலாம். அந்தப் பதிலும் ஒரு காகிதம்தான், பத்திரமாக வையுங்கள். ஆவணத்தை அழித்தது நீங்கள் அல்ல என்பதற்கு அதுவே ஆதாரம்.

தள்ளுபடி உத்தரவு கையில் கிடைத்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் தள்ளுபடியானால் இன்னொரு ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. அதற்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2009 ஆகஸ்டில் தொடங்கிய அதற்குச் சென்னையில் ஒரு கிளை இருக்கிறது. டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை. மேல்முறையீடு போட்டு ஆறு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றாலும் தீர்ப்பாயத்தை அணுகலாம். கெடு தாண்டிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம்; தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு. தர்சேம் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், பல வருடம் கழித்து வந்தவருக்கு மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவை மட்டும் போதும் என்றது. ‘அடுத்த தை பார்த்துக்கொள்ளலாம்’ என்கிற ஒவ்வொரு தையும் பணம்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். வழி சொல்வார்கள், மனுவை மேலே அனுப்பியும் வைப்பார்கள். ஆனால் கலெக்டரின் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்துவிட்டுப் பென்ஷன் வரும் என்று காத்திருக்காதீர்கள். ஊனப் பென்ஷனைத் தீர்மானிக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இல்லை.

நிலுவையில் பாதி, கால்வாசி என்று பேரம் பேசி வழக்கு நடத்தித்தர வருகிறவர்களையும் எச்சரிக்கிறேன். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பது வழக்கறிஞர்களுக்குப் பார் கவுன்சில் விதிப்படியே தடை. கட்டணம் இவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். அசல் காகிதத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷ் கணக்கின் பாஸ்வேர்டும் அப்படியே.

அண்ணிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். கறுப்பு டிரங்குப் பெட்டியில் இருக்கும் காகிதங்களை அவர் இருக்கும்போதே ஒருநாள் உட்கார்ந்து, இது என்ன, அது என்ன என்று கேட்டு எழுதி வையுங்கள். மனநோயோடு வெளியே வந்தவர்களின் வீட்டில் இது இன்னும் அவசியம். அவர் எப்போது தூக்கம் கெட்டு எழுந்தார், லீவில் வந்தபோது எப்படி இருந்தார் என்பதை அறிந்த சாட்சி நீங்கள்தான்; பட்டாளத்திலிருந்து எழுதிய பழைய கடிதங்கள்கூட உதவலாம்.

கடைசியாக அக்னிவீர் தம்பிகளே. உங்களுக்கு மாதப் பென்ஷன் கிடையாது. பணியால் ஊனம் ஏற்பட்டால் 100, 75, 50 சதவீதத்துக்கு முறையே 44, 25, 15 லட்ச ரூபாய் என்று ஒரே தடவையாகக் கருணைத் தொகை. அதற்கும் கேள்வி அதேதான்: பணியால் வந்ததா? நாலு வருஷத்தில் நிரந்தரப் பட்டியலில் பெயர் வர வேண்டும் என்ற ஆசையில் நீங்கள் எங்களைவிட அதிகமாக வலியை மறைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தடை தாண்டும்போது முதுகு பிடித்தால் அன்றே எம்.ஐ. ரூமுக்குப் போங்கள். நாற்பத்தெட்டு மணி நேரம் எக்ஸ்கியூஸ் கிடைத்தாலும் சரி, வெறும் மாத்திரை கிடைத்தாலும் சரி, எப்படி அடிபட்டது என்று டாக்டர் ஒரு வரியாவது எழுதும் வரை அங்கேயே நில்லுங்கள். எழுதியதை வாசித்துப் பாருங்கள். தேதி சரியா, ‘பயிற்சியின்போது’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாரக்குக்குத் திரும்புங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவனான ஒரு முன்னாள் கிளார்க்